கோப்பை எங்கே வைப்பது? பெர்க்லி கண்ட விடை

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் நம்மிடம் வழக்கமாக இரண்டு வைத்தியங்கள் உண்டு. ஃபார்மேட் அடித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது ஒன்று. ராமைக் கூட்டுவது, முடிந்தால் மெஷினையே மாற்றுவது மற்றொன்று. நாள்பட ஏதோ குப்பை சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையிலிருந்து முதல் வைத்தியம் வருகிறது. இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை என்ற நம்பிக்கையிலிருந்து இரண்டாவது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இயங்குதளங்களின் வரலாற்றைப் புரட்டினால், பாய்ச்சலாக வேகம் கூடிய இடங்களில் வேறொரு காரணம் தென்படுகிறது. எந்தத் தகவலை எங்கே வைப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்று இயங்குதளத்துக்குள் எப்போதோ எடுத்த ஒரு முடிவை யாரோ அளந்து பார்த்தார்கள், காலம் மாறியதால் அது பொருந்தாமல் போனதைக் கண்டார்கள், மாற்றினார்கள். இதற்கு மிகத் தெளிவான சாட்சி, 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸின் கோப்பு முறைமை அடைந்த மாற்றம்.

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் கைகளில் பிறந்தது. முதலில் பிடிபி-7, பிறகு பிடிபி-11 என்று சிறிய இயந்திரங்களில்தான் அது வளர்ந்தது. அதன் கோப்பு முறைமை எளிமைக்குப் பேர்போனது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ என்று ஒரு பதிவு உண்டு. கோப்பின் உரிமையாளர் யார், அளவு என்ன, உள்ளடக்கம் டிஸ்கில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். உள்ளடக்கம் 512 பைட் பிளாக்குகளாகச் சேமிக்கப்படும். இந்த ஏற்பாட்டில் ஐநோட்கள் எல்லாம் முன்பக்கம் ஒரே இடத்தில் குவிந்திருக்க, பிளாக்குகள் அனைத்தும் அதற்குப் பின்னால் விரிந்து கிடந்தன. 150 மெகாபைட் கொண்ட ஒரு கோப்பு முறைமையில் முதல் 4 மெகாபைட் ஐநோட்களுக்கு, மீதி 146 மெகாபைட் உள்ளடக்கத்துக்கு. ஆகவே எந்தக் கோப்பைத் திறந்தாலும் டிஸ்கின் தலை முதலில் முன்பக்கம் போய் ஐநோட்டைப் படித்துவிட்டு, பிறகு தொலைவில் இருக்கும் பிளாக்கைத் தேடிப் பயணப்பட வேண்டும். ஒரே டைரக்டரியில் உள்ள கோப்புகளின் ஐநோட்கள்கூட அடுத்தடுத்து இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் காலியிடப் பட்டியலில் இருந்தது. கோப்பு முறைமையைப் புதிதாக உருவாக்கும்போது காலி பிளாக்குகள் வரிசையாகப் பட்டியலில் நிற்கும். கோப்புகளை எழுதுவதும் அழிப்பதுமாக நாட்கள் போகப் போக அந்த வரிசை குலையும். திரும்பி வந்த பிளாக்குகள் வந்த ஒழுங்கில் பட்டியலில் ஏறும். பிறகு எழுதும் ஒரு கோப்பின் பத்து பிளாக்குகள் டிஸ்கின் பத்து மூலைகளில் போய் உட்காரும். பெர்க்லிக்காரர்கள் அளந்து வெளியிட்ட எண்கள் இந்தச் சீரழிவை அப்படியே காட்டுகின்றன. பின்னர் 1024 பைட் பிளாக்குக்கு மாறிய நிலையிலும், புதிதாக உருவாக்கியவுடன் நொடிக்கு 175 கிலோபைட் வரை கொடுத்த அதே கோப்பு முறைமை, சில வாரங்கள் மிதமாகப் பயன்படுத்திய பின் நொடிக்கு 30 கிலோபைட்டுக்கு இறங்கிவிட்டது. தொடக்ககால 512 பைட் முறையோ, டிஸ்க் தரக்கூடிய வேகத்தில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது நொடிக்கு 20 கிலோபைட்டை மட்டுமே பயன்படுத்தியது. 98 சதவீதம் யாருக்கும் பயனில்லாமல் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், அதிக விலை கொடுத்து வேகமான டிஸ்க் வாங்குவது எவ்வளவு வீண் என்பது விளங்கும்.

ஃபார்மேட் வைத்தியம் அன்றைக்கும் இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, கோப்பு முறைமையை மறுபடி உருவாக்கி, திரும்ப ஏற்றினால் பழைய வேகம் வந்துவிடும். பின்னணியில் ஒரு நிரலை ஓடவிட்டு அவ்வப்போது பிளாக்குகளை ஒழுங்குபடுத்தலாம் என்ற யோசனையும் சொல்லப்பட்டிருந்தது. பின்னாளில் வந்த டிஃப்ராக் நிரல்கள் இந்த யோசனையின் வாரிசுகள். இரண்டுமே நோயின் விளைவைத் துடைக்கின்றன. பிளாக்குகளைச் சிதறடிக்கும் விதியைத் தொடுவதில்லை. துடைத்த மறுநாளே சிதறல் மீண்டும் தொடங்கிவிடும். பெர்க்லியின் முதல் முயற்சியும் விதியைத் தொடாத ஒன்றுதான்: பிளாக்கின் அளவை 512-இலிருந்து 1024 பைட்டாக ஆக்கினார்கள். ஒரு முறை போய்வந்தால் இரு மடங்கு தகவல் கிடைத்ததால் வேகமும் இரு மடங்குக்கு மேல் கூடியது. அப்படியும் டிஸ்கின் திறனில் சுமார் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிளாக்கைப் பெரிதாக்கினால் பலன் உண்டு, ஆனால் பிளாக் எங்கே போகிறது என்பதை யாரும் தீர்மானிக்காத வரை அந்தப் பலன் அற்பமே என்பது இதில் தெரிந்துபோனது.

பிறகு மார்ஷல் கிர்க் மெக்கியூசிக், பில் ஜாய், சாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபாப்ரி ஆகிய நால்வரும் கோப்பு முறைமையை அடியிலிருந்து எழுதினார்கள். 1983-இல் வெளிவந்த, பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்பான 4.2 பிஎஸ்டியில் அது இடம்பெற்றது. 1984-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. பிளாக்கின் குறைந்தபட்ச அளவு 4096 பைட் ஆயிற்று. இங்கே உடனே ஒரு தடை எழுந்தது. யூனிக்ஸில் பெரும்பாலான கோப்புகள் சிறியவை. தங்கள் இயந்திரத்தில் இருந்த கோப்புகளையே கணக்கெடுத்துப் பார்த்ததில், 4096 பைட் பிளாக் வைத்தால் இடத்தில் 45.6 சதவீதம் வீணாகும் என்று தெரிந்தது. அதற்காகப் பெரிய பிளாக்கைக் கைவிடவில்லை. ஒரு பிளாக்கை 2, 4 அல்லது 8 துண்டுகளாகப் பிரித்து, கோப்பின் வால்பகுதிக்கு மட்டும் தேவையான துண்டுகளைக் கொடுத்தார்கள். 1024 பைட் துண்டு வைத்தபோது வீணாகும் இடம் பழைய 1024 பைட் முறையின் அளவுக்கே இறங்கிவிட்டது. பெரிய கோப்பின் வேகமும் சிறிய கோப்பின் சிக்கனமும் ஒன்றாகக் கிடைத்தது இப்படித்தான்.

வேலையின் உயிர்நாடி, இடம் ஒதுக்கும் விதியில் இருந்தது. டிஸ்கை அடுத்தடுத்த சிலிண்டர்கள் (தலை நகராமலே படிக்கக்கூடிய தடங்களின் தொகுப்புகள்) கொண்ட பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஐநோட்களையும் காலியிடக் கணக்கையும் கொடுத்தார்கள். ஒரே டைரக்டரியின் கோப்புகள், அவற்றின் ஐநோட்கள், உள்ளடக்கம் எல்லாம் முடிந்தவரை ஒரே குழுவுக்குள் இருக்கும். தலை நீண்ட தூரம் அலைய வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் நெருக்கமாகவே வைத்துக்கொண்டு போனால் ஒரு குழு நிரம்பி வழிந்து, அங்கே வர வேண்டியவை வெளியே சிதறும். அதனால் சேர்த்து வைப்பதற்காகவே சிலவற்றைப் பிரித்து வைத்தார்கள். புதிய டைரக்டரி, காலி ஐநோட்கள் சராசரிக்கு மேல் உள்ள குழுக்களில் மிகக் குறைந்த டைரக்டரிகள் கொண்டதற்குப் போகும். ஒரு கோப்பு 48 கிலோபைட்டைத் தாண்டினால் அடுத்த பகுதி வேறு குழுவுக்குப் போகும். அதன்பின் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் மறுபடி ஒரு மாற்றம். ஒரு மெகாபைட்டுக்கு ஒருமுறை தலை நகர்வது பெரிய செலவில்லை, ஆனால் ஒரே கோப்பு ஒரு குழுவை விழுங்கிவிட்டால் மற்ற எல்லாக் கோப்புகளும் அதற்கு விலை கொடுக்கும் என்ற கணக்கு இதில் இருக்கிறது. டிஸ்கின் சுழற்சியையும் விடவில்லை. ஒரு பிளாக்கைப் படித்து முடித்ததும் அடுத்ததைக் கேட்கப் புராசஸருக்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் ஒட்டியிருக்கும் பிளாக் தலையைக் கடந்துவிடும். வட்டப் பாதையில் ஓடும் டவுன் பஸ்ஸை நொடியில் தவறவிட்டவர் அது சுற்றி வரும்வரை காத்திருப்பதுபோல, டிஸ்க் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை எல்லாம் நிற்கும். ஆகவே அந்தக் கால அவகாசத்தைக் கணக்கிட்டு, அடுத்த பிளாக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள்.

இதன் பலனாகப் புதிய முறை டிஸ்கின் திறனில் 47 சதவீதம் வரை பயன்படுத்தியது. பெரிய டைரக்டரி ஒன்றில் வெறும் கோப்புகள் மட்டும் இருந்தால், அவற்றைப் பட்டியலிடும்போது ஐநோட்களுக்காக டிஸ்கைத் தொடும் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. புராசஸரையோ டிஸ்கையோ மாற்றாமலே கிடைத்த வேகம் இது.

வன்பொருள் எப்படியும் வளர்ந்திருக்கும், காத்திருந்தாலே போதுமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அனுபவம் வேறு மாதிரி இருந்தது. 1990-இல் கணினி அறிவியலாளர் ஜான் ஆஸ்டர்ஹௌட், வன்பொருள் வளரும் வேகத்தில் இயங்குதளங்கள் ஏன் வேகமாகவில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். பல இயந்திரங்களையும் இயங்குதளங்களையும் அளந்து பார்த்து அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: நினைவகத்தின் வேகம் புராசஸரோடு சேர்ந்து கூடவில்லை, கோப்பு முறைமைகள் சின்னச் சின்ன மாற்றங்களுக்கும் டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்து நிற்கின்றன. புராசஸர் வேகமாக ஆக ஆக அது டிஸ்குக்காகச் சும்மா நிற்கும் நேரத்தின் பங்குதான் கூடுகிறது. ஆகவே வேகமான இயந்திரம் தவறான விதியின் விலையை இன்னும் உயர்த்தவே செய்கிறது.

பெர்க்லியின் கணக்குகள் அன்றைய டிஸ்குகளுக்கு மட்டுமே பொருந்தியவை என்பது இதைவிட வலுவான மறுப்பு. பின்னாளில் டிஸ்குகள் தங்கள் உண்மையான வடிவத்தையே இயங்குதளத்திடம் மறைக்கத் தொடங்கின; உள்ளேயே தாங்கல் நினைவகம் வைத்துக்கொண்டன. சுழற்சிக்காகப் பிளாக்குகளைத் தள்ளி வைக்கும் நுட்பம் பயனற்றுப் போனது. 1991-இல் லாரி மெக்வாயும் ஸ்டீவ் கிளைமனும் இதே கோப்பு முறைமையில் அந்த இடைவெளியை நீக்கி, அடுத்தடுத்த பிளாக்குகளை மொத்தமாகப் படிக்க வைத்து வேகத்தைக் கூட்டினார்கள். இன்றைய எஸ்எஸ்டியில் நகரும் தலையே இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காலாவதியானவை டிஸ்கின் உடலமைப்பைச் சார்ந்த விதிகள். சேர்ந்து பயன்படுவதைச் சேர்த்து வை, ஒரு முறை போனால் நிறைய எடுத்து வா, கொஞ்சம் இடத்தைக் காலியாக விடு என்ற விதிகள் நிலைத்தன. லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமை 1993-இல் இந்தக் குழுப் பிரிவையே எடுத்துக்கொண்டது. எக்ஸ்ட்4 வரை அது தொடர்கிறது. எஸ்எஸ்டியிலும் ஃபிளாஷ் நினைவகத்தைப் பெரிய தொகுதிகளாகத்தான் அழிக்க முடியும் என்பதால், காலியிடம் இல்லாதபோது அதுவும் திணறுகிறது.

அந்தக் காலியிடம்தான் பயனர்கள் அதிகம் முணுமுணுத்த விஷயமாக இருந்திருக்க வேண்டும். பெர்க்லி முறை டிஸ்கில் 10 சதவீதத்தைச் சாதாரணப் பயனர்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தது. காசு கொடுத்து வாங்கிய இடத்தைப் பூட்டி வைப்பானேன் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு டிஸ்க் நிரம்பும்வரை எழுதினால் வேகம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். நெருக்கமாக வைக்க நினைத்தாலும் அருகில் இடமே இருக்காது. இடத்துக்கும் நேரத்துக்கும் இடையிலான பேரத்தை மறைக்காமல், எண்ணாக்கி நிர்வாகியின் கையில் கொடுத்தது எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த நேர்மை.

பெர்க்லியின் விதியையே எதிர்த்து எழுந்த ஆய்வும் உண்டு. 1991-இல் மெண்டல் ரோசன்பிளமும் ஆஸ்டர்ஹௌட்டும், நினைவகம் பெருகிவிட்டதால் படிக்கும் வேலையில் பெரும்பங்கு டிஸ்குக்கே வராது, இனி எழுதும் வேலைதான் சுமை என்று வாதிட்டு, எல்லா மாற்றங்களையும் ஒரே நீண்ட பதிவேடாகத் தொடர்ந்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெர்க்லிக்கு நேர் எதிரான இட ஒதுக்கீடு இது. ஆயினும் நிரல்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைக் கணக்கெடுத்து, அதற்கேற்ப இடத்தின் விதியை மாற்றும் அதே வழியில்தான் அவர்களும் போனார்கள்.

பெர்க்லிக்காரர்கள் தாங்கள் கண்ட 47 சதவீதத்தோடு கதை முடிந்ததாகச் சொல்லவில்லை. மீதி ஏன் கிடைக்கவில்லை என்பதையும் தேடினார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்திலிருந்து பயனரின் நினைவகத்துக்குத் தகவலைப் பிரதி எடுப்பதற்கே உள்ளீட்டு வெளியீட்டு நேரத்தில் சுமார் 40 சதவீதம் செலவாகிறது என்று கண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து ஆஸ்டர்ஹௌட் நினைவக வேகத்தைச் சுட்டிக்காட்டியபோது, அந்தத் தடங்கல் ஏற்கெனவே பெர்க்லியின் கட்டுரையில் பதிவாகியிருந்தது. இப்படி உள்ளே போய் அளக்க முடிந்ததற்குக் காரணம், யூனிக்ஸின் மூலநிரல் உரிமம் பெற்ற பல்கலைக்கழகங்களின் மேசைக்கே வந்துசேர்ந்திருந்ததுதான். பெல் ஆய்வகம் எழுதிய காலியிடப் பட்டியலின் மூலநிரல் கையில் இருந்ததால்தான் நால்வரும் அதை மாற்றி எழுத முடிந்தது.