இரவல் ஆசனம்

ஐக்கிய அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுள் ஏதேனும் ஒன்றில், விமானத்தின் கதவு மூடப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக நின்று கவனிப்போமாயின் ஒரு காட்சியைக் காணலாம். வேறொரு கம்பனியின் சீருடை தரித்த விமானி ஒருவர் உள்ளே நுழைகின்றார். தமது அடையாள அட்டையையும், விமானமோட்டும் அனுமதிப் பத்திரத்தையும், வைத்தியச் சான்றிதழையும் கையிலே வைத்துக்கொண்டு, அவ்விமானத்தின் தலைமை விமானியை அணுகி, “உங்களோடு வருவதற்கு இடம் தருவீர்களா?” என்று பணிவுடன் வினவுகின்றார். தலைமை விமானி இசைந்தால், அவருடைய முதுகுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய மடக்காசனத்தை விரித்து அமர்ந்துகொள்கின்றார். கட்டணம் எதுவும் இல்லை. இவ்விருவரின் கம்பனிகளும் வியாபாரத்திலே ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும் போட்டியாளராகவும் இருக்கலாம். ஏறியவர் உல்லாசப் பயணம் போகின்றவர் அல்லர். தம்முடைய தொழிலுக்குப் போகின்றார், அல்லது தொழில் முடிந்து வீட்டுக்குத் திரும்புகின்றார்.

நேயர்களே, இந்தச் சின்னஞ்சிறு ஆசனத்தின் வரலாற்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஆசனம் சிறியது, அதனை ஒட்டி எழுந்த வினாக்கள் சிறியன அல்ல.

ஆங்கிலத்தில் இதனை ‘ஜம்ப் சீற்’ என்பர். வானத்தில் விமானம் பறப்பதற்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் குதிரை வண்டிகளிலே இடம் மாற்றி அமைக்கக்கூடிய ஆசனத்துக்கு இப்பெயர் வழங்கிற்று. வண்டியிலிருந்து மோட்டார்க் காருக்கும், பின்னர் விமானத்துக்கும் அப்பெயர் சென்றது. விமானியறையில் இவ்வாசனம் அமைந்ததன் முதல் நோக்கம் விருந்தினரை இருத்துவது அன்று. விமானிகளின் திறமையைச் சோதிக்கும் அரசாங்கப் பரிசோதகரும், கம்பனியின் மூத்த விமானியும் அங்கிருந்து கவனிக்கவேண்டும் என்பதே நோக்கம். பரிசோதகர் தினந்தோறும் வருவதில்லை. வெறுமனே கிடக்கும் ஆசனத்தைச் சக தொழிலாளி ஒருவருக்குக் கொடுத்து உதவுவதில் நட்டம் யாதுமில்லை அல்லவா? எனவே, “எங்கள் விமானியை நீங்கள் ஏற்றுங்கள், உங்கள் விமானியை நாங்கள் ஏற்றுகின்றோம்” என்று கம்பனிகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன.

உடன்படிக்கை இருப்பினும் இறுதிச் சொல் தலைமை விமானியுடையதே. அவர் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே இடம் கேட்பது வெறும் சம்பிரதாயம் அன்று. அவ்வாறு அமர்ந்தவரும் கைகட்டி இருக்கும் பயணி அல்லர். பதினாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது கடமைக்குப் புறம்பான பேச்சு கூடாது என்று 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதியை அவரும் பேணி அடங்கியிருத்தல் வேண்டும். ஆபத்து எதுவும் கண்ணிற் பட்டால் உரைத்தலும் வேண்டும்.

தொழில் செய்யும் ஊரிலேயே குடியிருந்தால் இந்த இரவல் ஆசனம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்க விமானிகளின் தொழில் முறையை அறிந்தால் விடை புலப்படும். அங்கே ஒரு விமானியின் சம்பளம், அவர் ஓட்டும் விமானத்தின் வகை, வேலை நாட்கள், தளமாகக் கொள்ளும் நகரம் யாவும், அவர் அக்கம்பனியிற் சேர்ந்த தேதியை ஒட்டிய மூப்பு வரிசைப்படி அமைகின்றன. இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் கம்பனி மாறினால் புதிய வரிசையின் கடைசியிலேதான் நிற்கவேண்டும். எனவே கம்பனி தளத்தை மாற்றினாலும் கம்பனியை விட்டு அவர் விலகுவதில்லை. மனைவியின் உத்தியோகம், பிள்ளைகளின் கல்வி, வயது முதிர்ந்த பெற்றோர் ஆகிய காரணங்களால் வீட்டையும் மாற்றுவதில்லை. வீடு ஓரிடத்திலும் வேலை ஓரிடத்திலுமாக வாழ்க்கை இரண்டுபட்டு நிற்கின்றது. தொடர்ந்து சில நாட்கள் பறந்து, பின் சில நாட்கள் ஓய்வு பெறும் தொழிலாதலால், மாதத்திற் சில தடவை ஆயிரம் மைல் கடந்து வேலைக்குப் போய்வருவதும் இயலுவதாயிற்று.

இவ்வழக்கம் பெருகியதற்கு அரசியற் காரணமும் உண்டு. 1978ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24ஆந் தேதி ஜனாதிபதி ஜிம்மி காட்டர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்திற் கையொப்பமிட்டார். எந்தக் கம்பனி எந்த வழியிற் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் அறவிடலாம் என்று அதுகாறும் தீர்மானித்துவந்த அரசாங்கச் சபையின் அதிகாரம் படிப்படியாக ஒழிந்தது. கட்டணம் குறைந்தது, பயணிகள் பெருகினர். அதே வேளையில் பழைய கம்பனிகள் பல சரிந்தன. பிரானிஃப் 1982இலும், ஈஸ்ரேண், பான் அமெரிக்கன் ஆகியன 1991இலும் பறப்பதை நிறுத்தின. வேறு சில ஒன்றோடொன்று இணைந்தன. தளங்கள் மூடப்பட்டன, வேறு நகரங்களில் திறக்கப்பட்டன. அட்லாண்டா, டலஸ், சிக்காகோ போன்ற மைய நகரங்களைச் சுற்றியே போக்குவரத்து அமைந்தது. கம்பனி இடம் பெயர்ந்தபோதெல்லாம் விமானியும் குடும்பத்தோடு பெயர முடியுமா? மரியாதையாகத் தோன்றிய மடக்காசனம் இவ்வாறு ஒரு பெருந்தொழிலைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாயிற்று. எழுதாத இந்த மாற்றமே பின்னாளில் வந்த இடர்களின் வித்து.

கடமையில் இல்லாத விமானி உடன் பயணஞ் செய்வது பேருதவியாக அமைந்ததும் உண்டு. 1989ஆம் ஆண்டு யூலை 19ஆந் தேதி, டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிச் சென்ற யுனைற்றட் கம்பனியின் டி.சி.-10 விமானத்தில் வாற்புற இயந்திரம் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவும் திரவ அழுத்தக் குழாய்கள் யாவும் பயனற்றுப் போயின. அவ்விமானத்தில் டெனிஸ் ஃபிச் என்னும், விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி பயணிகளோடு ஒருவராக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தலைமை விமானி அல் ஹெய்ன்ஸின் இசைவு பெற்று அவர் விமானியறைக்குச் சென்று, எஞ்சிய இரு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்ப உதவினார். அயோவா மாகாணத்துச் சூ சிற்றியில் விமானம் தரையில் மோதி உடைந்தது. எனினும் அதிலிருந்த 296 பேருள் 184 பேர் உயிர் தப்பினர்.

நம்பிக்கையின் மேல் நிற்கும் வழக்கத்தை நம்பிக்கைத் துரோகம் அசைக்காமல் விடுமா? 1994ஆம் ஆண்டு ஏப்ரில் 7ஆந் தேதி, பெடரல் எக்ஸ்பிரஸ் கம்பனியின் சரக்கு விமானம் ஒன்று மெம்பிஸ் நகரிலிருந்து புறப்பட்டது. இரவல் ஆசனத்தில் ஏறியிருந்தவர் அதே கம்பனியின் ஊழியர். தொழிலை இழக்கக்கூடிய விசாரணையை எதிர்நோக்கியிருந்தவர். வானத்திலே அவர் சுத்தியல்களால் மூன்று விமானிகளையும் தாக்கினார். படுகாயமுற்ற நிலையிலும் அவர்கள் அவரை அடக்கி, விமானத்தைப் பத்திரமாக இறக்கினர். உயிர் பிழைத்தார்களாயினும் மூவரும் மீண்டும் விமானிகளாகத் தொழில் செய்ய இயலவில்லை.

பின்னர் 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் தேதியின் கொடுமை நிகழ்ந்தது. சீருடையும் அட்டையும் மட்டும் ஒருவரை விமானி என்று நிரூபிக்கப் போதா என்பது உணரப்பட்டது. பிற கம்பனி விமானிகளுக்கு விமானியறைக் கதவு அடைபட்டது. எத்தனையோ குடும்பங்கள் இதனால் இடருற்றன. சில ஆண்டுகளின் பின்னர், வாயிலில் நிற்கும் ஊழியர் கணனி மூலம் விமானியின் சொந்தக் கம்பனியின் பதிவேட்டை வினவி, அவர் இன்றும் பணியில் உள்ளாரா என்பதையும், அவருடைய நிழற்படத்தையும் சரிபார்க்கும் முறை வகுக்கப்பட்டது. கதவு மறுபடியும் திறந்தது.

ஆளை அறிந்துகொள்ள வழி பிறந்தது. ஆளின் களைப்பை அறிவதற்கு வழி பிறக்கவில்லை. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் தேதி இரவு, கொல்கன் கம்பனியின் விமானம் ஒன்று நியூ ஜேர்சியின் நுவார்க்கிலிருந்து சென்று, பஃபலோ நகருக்கு அண்மையில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் மாண்டனர். துணை விமானி முன்னாள் இரவு மேற்குக் கரையிலுள்ள சியாற்றிலிலிருந்து புறப்பட்டு, சரக்கு விமானத்தில் மெம்பிஸ் வந்து, அங்கிருந்து இன்னொரு விமானத்தில் விடியற்காலையில் நுவார்க் சேர்ந்தவர். தலைமை விமானியின் வீடு புளோரிடாவில். விபத்துக்குக் காரணம், வேகம் குறைந்தபோது எழுந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையிற் செயற்பட்டமையே என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2010இல் முடிவு கூறிற்று. களைப்பு அவர்களுடைய திறமையைக் குறைத்திருத்தல் கூடும்; ஆனால் எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்றும் உரைத்தது. நுவார்க் தளத்தில் இருந்த அக்கம்பனியின் 137 விமானிகளுள் 93 பேர் தூரத்திலிருந்து வந்துபோகின்றவர்கள் என்பதும் விசாரணையில் வெளியாயிற்று.

அதன் பின்னர் அமெரிக்கக் கொங்கிரஸ் இவ்விடயத்தை ஆராயுமாறு பணித்தது. 2011இல் வெளிவந்த அறிக்கை, மைல் கணக்கை வைத்துக் களைப்பை அளக்க முடியாது என்றது. அருகிலிருந்து உறங்காமல் வருபவரும் உண்டு. தொலைவிலிருந்து முதல் நாளே வந்து நன்கு துயின்று எழுபவரும் உண்டு. 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள் பயணிகள் விமானமோட்டுவோரின் ஓய்வு நேரத்தைக் கூட்டின. ஆயினும் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம் கடமை நேரத்திற் சேராது. கடமைக்குத் தகுதியான நிலையில் வந்து சேர்வது விமானியின் பொறுப்பு என்று விடப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? வழியிலே நிற்பவனை வண்டியில் ஏற்றிக்கொள்வது மனிதப் பண்பு. போட்டிக் கம்பனிகளுக்கிடையிலும் அப்பண்பு வாழ்வது போற்றத்தக்கது. ஆனால், ஒருவர் மற்றவருக்குச் செய்யும் உபகாரத்தின் மேல் ஒரு தொழில் முழுவதும் சாய்ந்து நிற்குமாயின், அதன் செலவை எவரோ ஒருவர் இறுக்கவேண்டியிருக்கும். கம்பனியின் கணக்கேட்டில் அச்செலவு காணப்படாது. விமானி இழந்த உறக்கத்திலும், அவரை நம்பிப் பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகளின் உயிரிலும் அது எழுதப்படுகின்றது. இரவல் ஆசனம் இலவசமாகக் கிடைக்கலாம். இரவல் உறக்கம் எங்கும் கிடைப்பதில்லை.