இடாப்போடு கடல் கடந்த ஆசிரியைகள்

நூறாண்டு கண்ட எமது பாடசாலையின் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் இம்மலரில் பலர் எழுதியிருக்கக் காண்பீர்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் அதிகம் எழுதப்படாதது. மாணவிகளைக் கல்விச் சுற்றுலாவாக இந்தியாவுக்கு அழைத்துச் சென்று, போன எண்ணிக்கை குறையாமல் வீடு சேர்த்த ஆசிரியைகளைப் பற்றியது அது.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கியது. கடல்வழி ஏறத்தாழ 22 மைல்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கப்பலைப் பிடிப்பதற்கு முதலில் தெற்கே மதவாச்சி வரை போகவேண்டும். அங்கே புகையிரதம் மாறி, மீண்டும் வடமேற்கே மன்னார் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறைக்கு வரவேண்டும். பிறகு கப்பல், அக்கரையில் மீண்டும் புகையிரதம், கீழே கடல் தெரிய இரண்டு கிலோமீற்றர் நீளப் பாலம். அதன் பின்னரே மதுரையும் தஞ்சாவூரும் சென்னையும்.

பெண்பிள்ளையை அடுத்த ஊருக்கே தனியே அனுப்பத் தயங்கிய காலம் அது. அப்படிப்பட்ட பெற்றோர் பத்து நாள் பயணத்துக்குச் சம்மதித்ததன் காரணத்தை மூத்த அக்காமார் ஒரே வசனத்தில் சொல்வார்கள்: “ரீச்சரோடை எண்டால் போகட்டும்.” இந்தியாவைப் பற்றி அந்தப் பெற்றோருக்கு அதிகம் தெரியாது. ரீச்சரைத் தெரியும்.

அந்த ஒரு வசனத்தின் பாரத்தை ரீச்சர் சுமந்தார். 1949 இல் குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. அதன் பின்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடவுச்சீட்டு, விசா, அம்மைப்பால் குத்திய அத்தாட்சி எல்லாம் அவருடைய கைப்பையில் ஏறின. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தபோது, கொண்டுபோகக்கூடிய சொற்பக் காசில் எல்லோருக்கும் சாப்பாடும் தங்குமிடமும் பார்க்கவேண்டியவரும் அவரே. கப்பலில் தலைசுற்றி வாந்தியெடுத்த பிள்ளைகளுக்குத் தேசிக்காயை முகரக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு மூலையில் சுருண்டு கிடந்த ஆசிரியையைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இறங்குதுறை வந்ததும் எழுந்து, சேலையைச் சரிசெய்து, இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டாராம்.

இந்த வழியால் எல்லோரும் சுற்றுலாப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எமது தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாட்கணக்கில் மறித்து வைக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் தலைமன்னார் வழியாகவே திருப்பி அனுப்பப்பட்டனர்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு, அப்பயணங்களில் மிகவும் பிடித்த இடம் வேலூர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமது பண்டத்தரிப்பில் பணியாற்றிய அமெரிக்க மிசனரி வைத்தியர் ஜோன் ஸ்கடர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பாடசாலை ஆரம்பித்தது வேலூரில்தான். பெண் வைத்தியர்கள் நோயாளரைப் பார்ப்பதை அங்கே முதன்முதலாகக் கண்டதாக ஒரு மூத்த அக்கா எமக்குச் சொன்னார். கோயில்களோடு அதையும் காட்டவேண்டும் என்று திட்டமிட்டவர் ஓர் ஆசிரியை.

இது ஆபத்தில்லாத பயணம் அல்ல. 1964 டிசெம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கு சென்றுகொண்டிருந்த புகையிரதத்தைக் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. சுற்றுலாக்கள் புறப்படும் மார்கழி விடுமுறைக் காலம் அது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போகத் தொடங்கியது. பெற்றோர் மீண்டும் சம்மதித்தனர். ஆசிரியைகளும் மீண்டும் பொறுப்பெடுத்தனர். 1980களில் யுத்தம்தான் அந்த வழியை முற்றாக மூடியது.

எமது தலைமுறை படித்தது அந்த மூடிய காலத்தில். 1990 இல் யாழ்தேவி நின்றது. எம்மிற் பலர் முதன்முதலாகக் கடந்த நீர், இருட்டில் வள்ளமேறிக் கடந்த கிளாலிக் கடலேரி. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டோம். சில வாரங்களின் பின்னர் எமது ஆசிரியைகள் தென்மராட்சியில் வீடு வீடாகத் தேடிவந்தார்கள். யார் எங்கே, யாருக்குப் புத்தகம் இல்லை, யாருடைய தகப்பனைக் காணவில்லை என்று கேட்டு எழுதினார்கள். மாமர நிழலில் வகுப்புத் தொடங்கிய அன்று பெயர் கூப்பிட்டபோது, இராமேஸ்வரம் போன அக்காமார் சொன்ன அதே இடாப்புத்தான் எமக்கும் என்று விளங்கியது.

பின்னர் ரொறொன்ரோ, இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி என்று பிரிந்தோம். அந்தப் பயணங்களில் வரிசைக்கு முன்னே ரீச்சர் இல்லை. எம்மை எண்ணுவதற்கு எவரும் இருக்கவில்லை. தெரியாத விமான நிலையங்களில் பத்தொன்பது வயதில் தனியே நின்றவர்கள் இதை வாசிக்கும்போது விளங்கிக்கொள்வார்கள்.

இன்று வழி திறந்திருக்கிறது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மதவாச்சி சுற்றத் தேவையில்லை. ஆயினும் இன்றைய ஆசிரியை ஒருவர் முப்பது பிள்ளைகளுக்குத் தனியே பொறுப்பெடுக்கத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல மாட்டோம். ஏதும் நடந்தால் கேள்வி முழுவதும் அவரிடமே வரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே பழைய மாணவிகள் சங்கத்திடம் ஒன்று கேட்கிறோம். நூற்றாண்டு நினைவாக ஒரு சுற்றுலா நிதியை ஆரம்பிப்போம். காசில்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. வைத்தியர்களாக இருக்கும் நாம் முறைவைத்துக் கூடப் போகலாம். தமிழகத்தில் வாழும் எமது மாணவிகள் அக்கரையில் வரவேற்கலாம். இடாப்பை ரீச்சரே வைத்திருக்கட்டும். பாரத்தை நாமும் பங்கிட்டுக்கொள்வோம்.