எலித்தெள்ளும் பூட்டிய கதவும்

நீலகிரி மலை ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அந்த ரயில் ஓடத் தொடங்கியது 1899-ஆம் ஆண்டில். 1908-இல் பாதை உதகை வரை நீண்டது. கோடைதோறும் சென்னை அரசாங்கமே உதகைக்குக் குடிபெயர்ந்த காலம் அது. நல்ல காற்றையும் நோயற்ற வாழ்வையும் நாடி மக்கள் மலையேறினார்கள். அவர்களோடு அரிசி மூட்டைகளும் ஏறின. மூட்டைகளுக்குள் எலிகளும் ஏறியிருக்கும் என்பதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், தானிய வணிகம் நடந்த வழிகளிலெல்லாம் பரவியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது. மலையடிவாரத்துக் கோயம்புத்தூர்ப் பகுதியில் மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி வேண்டிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட நோய் ஊருக்குள் நுழைந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? இதை அறிய உதவும் பழைய நூல் ஒன்று உண்டு. 'ராபின்சன் குரூசோ' கதையால் நமக்கு அறிமுகமான டானியல் டீபோ எழுதியது. 'பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1665-இல் இலண்டன் மாநகரைப் பிளேக் சூறையாடிய வரலாறே அதன் பொருள்.

நாட்குறிப்பா, கதையா?

நூலை எடுத்தவுடன் ஓர் எச்சரிக்கை தேவை. குதிரைச் சேணம் விற்கும் வணிகர் ஒருவர், தாம் கண்ணால் கண்டதைச் சொல்வதுபோல நூல் அமைந்திருக்கிறது. ஆனால் பிளேக் வந்தபோது டீபோவுக்கு வயது சுமார் ஐந்துதான்! நூல் வெளிவந்ததோ 1722-இல். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1720-இல், பிரான்சின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் பிளேக் பரவியிருந்தது. அது இங்கிலாந்துக்கும் வந்துவிடுமோ என்று மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய ஆணைகளையும் இறப்புப் பட்டியல்களையும் திரட்டி அவர் இதை எழுதினார். ஆகவே சேண வணிகர் கற்பனை. அவர் காட்டும் ஆணைகளும் பட்டியல்களும் உண்மை. இந்த இரண்டையும் பிரித்தறிந்து படிப்பவருக்கு நூல் நிறையச் சொல்லும்.

எண்கள் மறைத்தவை

இலண்டனில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சிடப்பட்டது. யார் எந்த நோயால் இறந்தார் என்று அதில் கணக்கு இருக்கும். தொடக்கத்தில் பிளேக் சாவுகள் மிகக் குறைவு. ஆனால் வேறு காய்ச்சல்களால் இறந்தவர் தொகை மட்டும் வழக்கத்துக்கு மாறாக ஏறிக்கொண்டே போனது. காரணம் என்ன? வீட்டில் பிளேக் என்று தெரிந்தால் அவமானம். அதைவிடப் பெரிய தண்டனையும் உண்டு. எனவே குடும்பத்தார் வேறு நோயின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டார்கள் என்று டீபோ காட்டுகிறார். அந்த ஆண்டுப் பட்டியலின்படி பிளேக்குக்குப் பலியானவர்கள் 68,596 பேர். உண்மையில் ஒரு லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது அவர் கதைசொல்லியின் கணிப்பு. இன்றைய வரலாற்றாசிரியர்களும் ஏறத்தாழ அதையே சொல்கிறார்கள்.

அந்தத் தண்டனை எது? ஒருவருக்கு நோய் கண்டால் வீட்டிலுள்ள அனைவரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள். கதவில் ஓரடி நீளச் செஞ்சிலுவை தீட்டினார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று காவலர் நின்றனர். நோயாளியுடன் நோயற்றவர்களும் அடைபட்டனர். விளைவு? காவலரை ஏமாற்றியும் சுவரை உடைத்தும் பலர் தப்பி ஓடினார்கள். நோயைத் தடுக்கப் போட்ட பூட்டே நோயை மறைக்கவும் பரப்பவும் காரணமாயிற்று. நூலின் சாரம் இதுதான்.

அவருக்குத் தெரியாதது

நோய் எப்படிப் பரவியது என்பது டீபோவுக்குத் தெரியாது. ஆனால் அவர் குறித்து வைத்த செய்தி ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கிறது. நாய்களையும் பூனைகளையும் கொல்ல ஆணை பிறந்ததாம். 40,000 நாய்களும் அதைப்போல் ஐந்து மடங்கு பூனைகளும் கொல்லப்பட்டதாக ஊரார் பேசிக்கொண்டனராம். எலிகளுக்கும் நஞ்சு வைத்தார்களாம். எலிக்குப் பகையான பூனையை ஒழித்தது ஒரு பிழை. எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை அன்று யாரும் அறியவில்லை.

விடை நம் நாட்டில்தான் கிடைத்தது. பிளேக் நுண்ணுயிரை 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்தார். எலித்தெள்ளுவே அதைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் சைமண்ட் சோதித்துச் சொன்னார், பலர் நம்பவில்லை. 1905-இல் பம்பாயில் பணி தொடங்கிய ஆராய்ச்சிக் குழு அதை ஐயமற நிலைநாட்டியது. தெள்ளுகள் நிறைந்த அறையில் கினிப்பன்றிகளைக் கூண்டில் வைத்துத் தொங்கவிட்டார்கள். தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் இருந்ததற்கு நோய் கண்டது. இரண்டடி உயரத்தில் இருந்தது தப்பியது. ஏனெனில் தெள்ளு சில அங்குல உயரமே தாவும். எலி செத்து உடல் குளிர்ந்ததும், பசித்த தெள்ளு வேறு இரத்தம் தேடி மனிதனிடம் வருகிறது. எலி விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நம் கிராமத்தார் பட்டறிவால் கண்டதன் பொருள் இதுவே.

1665-இல் இறந்தவர்களைப் புதைத்த இலண்டன் இடுகாடு ஒன்றில் கிடைத்த பற்களில் பிளேக் நுண்ணுயிரின் மரபணுவை 2016-இல் அறிவியலார் கண்டனர். நோய் எது என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. ஐரோப்பாவில் எலித்தெள்ளோடு மனிதத் தெள்ளும் பேனும் எவ்வளவு பங்கு பெற்றன என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

இங்கே இன்னொரு கேள்வி எழும். பெரிய துறைமுகமான சென்னை பம்பாயைப்போலச் சீரழியவில்லையே, ஏன்? கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், சென்னை எலிகளில் மிகுந்திருப்பது வேறு இனத் தெள்ளு என்றும், அது நோயைப் பரப்புவதில் திறன் குறைந்தது என்றும் காட்டினார். வெப்பமும் ஒரு காரணம். நுண்ணுயிர் பெருகித் தெள்ளின் உணவுப்பாதையை அடைக்கும்போதுதான் அது மீண்டும் மீண்டும் கடித்து நோயைச் செலுத்துகிறது. சுமார் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்த அடைப்பு நிலைப்பதில்லை. ஆகவே கோடை வெயில் பிளேக்குக்குப் பகை. மலையின் குளிர்ச்சி அப்படியன்று. உடல்நலம் தேடி மக்கள் ஏறிய மலையில் அந்தப் பாதுகாப்பு குறைவு என்பது விந்தையல்லவா?

மீண்டும் அதே கதவு

டீபோ எழுதி 175 ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், கொள்ளைநோய்ச் சட்டம் இங்கே வந்தது. புனாவில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதித்தார்கள். நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தார்கள். மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள். வெறுப்பு முற்றிப் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். இலண்டனின் பாடம் ஏட்டிலேயே இருந்துவிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் பிளேக்குக்குப் பலியானவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

சென்னை மாகாணத்தில் அன்று, நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர்க்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்துச் சில நாள்கள் கண்காணித்தார்கள். 2020-இல் கொரோனாவின்போது நீலகிரிக்குச் செல்ல நாமும் இ-பாஸ் எடுத்தோம். வாயிலில் காவல் வைப்பது எளிது. உள்ளத்தில் நம்பிக்கை வளர்ப்பதே கடினம். 2021-இல் நீலகிரிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தடுப்பூசிக் குழுக்கள் சென்றபோது முதலில் அச்சமே எதிர்கொண்டது. பூட்டோ காவலோ அதைப் போக்கவில்லை. பலமுறை சென்று, பொறுமையாக எடுத்துச் சொன்னதே பயன் தந்தது. சில வாரங்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

தெள்ளை ஒழிக்க அறிவியல் வழி சொல்லிவிட்டது. நோய்க்கும் இன்று மருந்து உண்டு. ஆனால் நோயாளியைக் குற்றவாளியாக நடத்தினால் நோய் இருட்டில் ஒளிந்துகொள்ளும். அடுத்த முறை பத்திரிகையில் நோய்க் கணக்கைப் படிக்கும்போது, அதில் சேராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். டீபோவை நீங்கள் சரியாகப் படித்துவிட்டீர்கள் என்று பொருள்.