சேம அச்சு: உமணர் வண்டித்தடம் பற்றிச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் புறநானூற்றின் 102ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. வண்டியில் பூட்டிய எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரும். வழியில் என்ன நிகழும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். அந்தச் சேம அச்சுப் போன்றவன் எழினி என்பது பாட்டின் கருத்து. உவமையின் நயத்தை விளக்கி முடித்தபோது பின் வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "எங்க அப்பா ஸ்டெப்னி இல்லாம லாரியை எடுக்கமாட்டாரு, ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கோரிப்பாளையத்தில் பேருந்துக்குக் காத்து நின்ற அன்று மாலையில் அந்தச் சொல் என்னை விடவில்லை. பல ஆண்டுகளாக அப்பாடலில் நான் எழினியை மட்டுமே பார்த்திருக்கிறேன்; வண்டியைப் பார்க்கவில்லை; வண்டி சென்ற வழியைப் பற்றி எண்ணியதே இல்லை.

பாலை என்றதும் பிரிவு என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். பாலை என்பது ஒரு நிலம், அதில் வழி ஒன்று உண்டு, அவ்வழியே சக்கரங்கள் உருண்டன என்பது மறந்துவிடுகிறது. நம் பாலை தார் பாலைவனம் போன்ற மணற்பரப்பன்று. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். சரளைக்கல்லும் முட்புதரும் வறண்ட ஓடையுமாகக் கிடந்த இந்நிலத்தை உமணரின் வண்டி வரிசை கடந்தது. அவ்வரிசைக்கு ஒழுகை என்று பெயர்; வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இவ்வண்டியை அருகில் நின்று பார்த்தவர்போல் வருணிக்கிறது. சக்கரத்தின் குடத்துக்கு முழவு உவமை. கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். குடும்பமே வண்டியில் வாழ்ந்தது என்பது இதனால் விளங்கும். அவர்கள் சமைத்துண்டு விட்டுச்சென்ற கல் அடுப்புகளில் பின்வந்தோர் சமைத்ததை அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் காட்டுகின்றன. உமணர் கூடித் தங்கி நீங்கிய ஊரின் வெறுமையைப் பாலைக் காட்டுக்கு உவமையாக்குகிறார் குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ. சாலை போடப்படாத நிலத்தில் வழி என்பது இதுதான்: சக்கரத்தின் தடம், அணைந்த அடுப்பு, அடுத்த நீர்நிலை.

நீரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் தெளிவான சான்று உண்டு. மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம் மாங்காட்டு மறையோன், கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால் வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியது. இடப்பக்க வழி திருமால்குன்றத்தை, அதாவது நம் அழகர்மலையை ஒட்டியது. அங்குள்ள மூன்று பொய்கைகளின் பெயர்களையும் அவன் சொல்கிறான். நடுவழியில் சோலைகளும் ஊர்களும் உண்டு. ஆனால் கானுறை தெய்வம் மயக்கும் என்று எச்சரிக்கிறான். நடுவழியே சென்ற கோவலன் நீர் வேண்டிப் பொய்கைக்குப் போன இடத்தில்தான் அத்தெய்வம் வசந்தமாலை வடிவில் எதிர்ப்படுகிறது. வறண்ட நாட்டில் நீர் இருக்கும் இடமே ஆபத்தும் இருக்கும் இடம். எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் நீளமுள்ள மண்தடம் ஒன்று உள்ளது. மொஹாவி பழங்குடியினர் ஊற்றுக்கு ஊற்று நடந்து வகுத்த வணிகப் பாதை அது. 19ஆம் நூற்றாண்டில் குதிரைவண்டிகள் அதன்மேல் ஓடின. 1883இல் ரயில் பாதை வந்ததும் அது கைவிடப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் டென்னிஸ் கேஸ்பியர் என்பவரும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் பழைய ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு தடத்தைத் தேடிக் கண்டு, வழிநெடுகக் கற்குவியல் அடையாளங்கள் அமைத்தனர். இன்று ஜீப்களில் செல்வோர் தண்ணீரும் மாற்றுச் சக்கரமும் ஏற்றிக்கொண்டு அதைக் கடக்கிறார்கள். நடுவழியில் ஓர் அஞ்சல் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள ஏட்டில் பயணிகள் தம் பெயரை எழுதிச் செல்வது வழக்கம்.

அந்த ஏட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழகர்மலையே நினைவுக்கு வந்தது. கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவையாகக் கணித்தார். துறவியர்க்குக் கொடை அளித்த மதுரை வணிகர்களின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. பொன் வேலை செய்பவன், கொழு வணிகன், பணித வணிகன் ஆகியோருடன் உப்பு வணிகன் ஒருவனும் இருக்கிறான். அவன் பெயர் வியகன் என வாசிக்கப்படுகிறது. பாடல்களில் பெயரின்றி நடந்த உமணரின் உலகத்திலிருந்து ஒரு மனிதன் கல்லில் பெயரோடு நிற்கிறான். சற்றுத் தொலைவில் மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் வெள்ளறை நிகமத்தோர் என்னும் வணிகர் குழுவின் கொடை பதிவாகியுள்ளது.

இச்சான்றுகள் என்றும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டா. மீனாட்சிபுரமும் அரிட்டாபட்டியும் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளிவந்தது. ஊர் மக்கள் போராடினர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. மலையைக் காத்தவர்கள் பாலைத்திணைக்குப் பதவுரை எழுதிய நாமல்லர். அங்கே ஆடு மேய்ப்பவர்களும் உழுபவர்களும்தான்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொடும்பாளூர்க் குளக்கரையிலிருந்து மதுரை வரை மறையோன் சொன்ன மூன்று வழிகளையும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களோடு நடந்து பார்க்கலாம். குளம், சுனை, குகை, கல்வெட்டு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கலாம். மொஹாவியில் அதைச் செய்தவர்களிடம் இருந்தவை நூறு, நூற்றைம்பது ஆண்டு ஆவணங்கள். நம்மிடம் இருப்பது ஒரு காப்பியம்.

இப்போதெல்லாம் 102ஆம் பாடலை நடத்தும்போது முதலில் கரும்பலகையில் ஒரு வண்டியை வரைகிறேன். அச்சை எங்கே கட்டுவது என்று மாணவர்களைக் கேட்கிறேன். எழினி அதற்குப் பிறகுதான் வருகிறான்.