இருட்டறையில் ஒரு செடி

1729-ஆம் வருஷம் பிரெஞ்சு வானசாஸ்திரி தெ மேரான் ஒரு செடியைக் கொண்டுபோய் இருட்டில் அடைத்தார். தொட்டாற்சுருங்கி ஜாதி, பகலில் இலை விரியும், இரவில் கூம்பும். சூரியனையே பாராமல் அது வேளை தவறாது விரிந்து கூம்பியது! படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிக்கு இரவு பகல் தெரிவதில்லையா, அதைப் போலத்தான் என்று நினைத்தார் அவர். பாரிஸ் விஞ்ஞான சபையில் இதை எடுத்துச் சொன்னவர்கூட அவரல்ல, நண்பர் மார்ஷான்.

சரி, செடிக்குக் கடிகாரம் எதற்கு? ஒரு விடை 2011-இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் கிடைத்தது. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் என்ற களைச்செடியை அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். (இந்தக் கிருமி அசல் பூஞ்சணம் அல்ல, வேஷம் போட்ட வேறு ஜாதி என்பார்கள் சாஸ்திரிகள். செடிக்கு அதெல்லாம் ஏது?) நோயின் வித்துக்கள் பரவுவது விடியற்காலையில். செடியோ, நோய் தீண்டாத நாளிலும் அந்த வேளையை எதிர்பார்த்துத் தன் காவல் மரபணுக்களை எழுப்பி வைக்கிறது. கடிகாரத்தின் முக்கியமான உறுப்பு ஒன்றைக் கெடுத்தால் காவலும் தளர்ந்துவிடுகிறது.

திருடனிடமும் கடிகாரம் இருந்தால்? திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழுகவைக்கும் சாம்பல் பூஞ்சணத்திடம் இருக்கிறது. சிலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் அதை வெளியிட்டார்கள். விடியலில் தாக்கினால் இலையில் புண் சிறிது. அந்தியில் தாக்கினால் பெரிது. இது செடியின் அசதியா, பூஞ்சணத்தின் சாமர்த்தியமா? இரண்டின் கடிகாரங்களையும் நேர்மாறாகத் திருப்பிவைத்தார்கள். செடிக்கு விடியல், பூஞ்சணத்துக்கு அந்தி. அப்போதும் புண் பெரிதாகவே விழுந்தது.