முந்தி வரும் செய்தி

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலைமேல் அமைந்துள்ள ஊர் வெள்ளிமலை. அம்மலையெங்கும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சிற்றூர்களில் பரவி வாழ்கின்றனர். அத்தகைய சிற்றூர் ஒன்றில் இனந்தெரியாக் காய்ச்சல் தோன்றுமாயின், அச்செய்தி எத்தனை நாளில் மலையிறங்கும்? ஊரின் நலம் மட்டுமன்று, உலகின் நலமே இவ்வினாவில் அடங்கியிருக்கிறது.

செய்தியின் அருமையை நம் முன்னோர் வரலாறு நன்கு காட்டும். ஹிஜ்ரீ 18-ஐ ஒட்டி ஷாம் தேசத்தின் அம்வாஸில் தாஊன் என்னும் கொள்ளை நோய் மூண்டது. ஷாம் நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு வழியில், ஸர்ஃ என்னுமிடத்தில் செய்தி எட்டியது. தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், கருத்துகள் வேறுபட்டன. திரும்புவதென முடிவு செய்தார்கள். நோயுள்ள ஊரில் நுழையலாகாது, அங்கிருப்போர் அஞ்சி வெளியேறலுமாகாது என்ற நபிகளாரின் அறிவுரையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) எடுத்துரைக்கவே, அம்முடிவு உறுதி பெற்றது. ஷாமில் தங்கிய அபூ உபைதா (ரலி) அந்நோயிலேயே உயிர் நீத்தார்கள். செய்தி பிந்தியிருப்பின் மதீனாவின் நிலை என்னவாகியிருக்கும்?

செய்தியை முந்தி வரச் செய்வதை வாழ்நாட் பணியாகக் கொண்டோர் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுள் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரி அறிஞர் டி. ஜேக்கப் ஜான். 1986-இல் சென்னை மருத்துவர் சுனிதி சாலமன், மாணவி நிர்மலா ஆகியோர் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. எச்.ஐ.வி. இந்நாட்டிலும் உண்டென்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அந்நோய் நம்மை அணுகாதென்று எண்ணியிருந்தோர் பலர். தேடியவர்களுக்கே உண்மை தெரிந்தது.

அவர் 1980-களில் வட ஆற்காட்டில் அமைத்த நோய்க் கண்காணிப்பு முறை மிக எளியது. குறிப்பிட்ட நோய்களைக் காணும் மருத்துவர், அரசினராயினும் தனியாராயினும், அஞ்சலட்டை ஒன்றில் எழுதி அனுப்புவார். திரண்ட செய்தி மாத இதழாக மருத்துவர்களுக்கே திரும்பி வரும். ஆங்கில முதலெழுத்துகள் இணைந்து அத்திட்டத்திற்கு 'நதி' என்ற பெயரைத் தந்தன. மலையில் பிறந்து சமவெளிக்கு வரும் நதிபோலன்றோ செய்தியும் வரவேண்டும்!

இந்திய அரசு 2004-இல் நாடு தழுவிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2007-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார விதிகள், உலகுக்கு ஆபத்தாகக்கூடிய நோயை மதிப்பிட்ட 24 மணி நேரத்திற்குள் அறிவிக்குமாறு நாடுகளைப் பணிக்கின்றன.

ஆயினும் ஜெனீவாவின் விதி, வீட்டு வாயிலில் பயனற்றுப் போகலாம். பழிச்சொல்லுக்கும் தனிமைக்கும் அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இல்லையென்று நாம் கூற முடியுமா? நோயை உரைத்தவரை ஊர் ஒதுக்குமாயின், அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். உண்மை சொன்னவரை அரவணைப்பதே கொள்ளை நோய்க்கு எதிரான முதல் ஆயத்தம். வெள்ளிமலையிலிருந்து செய்தி வர வேண்டுமாயின், கேட்பதற்குக் கனிந்த செவி கீழே இருத்தல் வேண்டும்.