பித்துப் பசு நோய்: பிரிட்டன் கற்ற பாடம்

புல் தின்னும் பசுவுக்கு மாமிசத்தை ஊட்டினால் என்ன ஆகும்? பிரிட்டனில் அதற்குக் கொடுத்த விலை 178 மனித உயிர்கள்.

கசாப்புக் கூடங்களில் மிஞ்சும் எலும்பையும் கழிவு இறைச்சியையும் வேகவைத்து, மாவாக அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலப்பது அங்கே வெகுகாலமாக இருந்த வழக்கம். குறைந்த செலவில் மாட்டுக்குப் புரதம் கிடைத்தது. அதோடு நோயும் சேர்ந்து பரவியது.

1986 நவம்பரில் அரசு கால்நடை ஆய்வகம் இந்தப் புதிய நோயை அடையாளம் கண்டது. தள்ளாடி விழுந்த மாடுகளின் மூளை, பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. இதற்குக் காரணம் பிரியான் என்னும் உருமாறிய புரதம். சமையல் சூட்டில் அது அழியாது. பிரியான் ஆராய்ச்சிக்காக ஸ்டான்லி புரூசினருக்கு 1997ல் நோபல் பரிசு கிடைத்தது.

1988 ஜூலையில் அந்தத் தீவனம் தடை செய்யப்பட்டது. நோயுற்ற மாட்டைக் கொன்றால் விவசாயிக்கு முதலில் பாதி விலைதான் இழப்பீடு. முழு விலை 1990ல்தான் வந்தது. மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று 1989ல் நிபுணர் குழு கூறியது. அந்தக் கணிப்பு தவறாக இருந்தால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் அதே குழு எச்சரித்தது. மக்கள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டுமே. 1990 மே மாதம் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்களின் முன்னால் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார்.

1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்தார். 10 பேரைத் தாக்கிய புதுவகை மூளை நோய்க்கு மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்றார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மனச்சோர்வில் தொடங்கும் நோய், நடையைப் பறித்து, பேச்சைப் பறித்து, ஓரிரு ஆண்டுகளில் உயிரையும் பறித்தது. மருந்து இல்லை.

ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. எந்தச் சந்தையைக் காப்பாற்ற ஆறுதல் சொன்னார்களோ, அந்தச் சந்தையே சரிந்தது.

2000ல் வெளியான பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய் சொல்லவில்லை என்றது. ஆனால் மக்களைப் பீதியடைய விடாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தது தவறு என்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் எதைச் சாப்பிடுவது என்று மக்கள் தாங்களே முடிவு செய்திருப்பார்கள்.